நரம்பு நோய்க்கு மருந்து உண்டு. அது காலனிவரை வருகிறதா?

சென்னை பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இருக்கிறது. 1894ஆம் ஆண்டு கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் தொடங்கிய பள்ளி அது. ஊர்ப் பள்ளிக்கூடங்களின் வாசலில்கூட நிற்க முடியாதிருந்த ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்காக, பஞ்சமர் இலவசப் பள்ளி என்ற பெயரில் அது உருவானது. அதைப் போலவே வேறு சில பள்ளிகளும் பிறகு சென்னையில் தொடங்கப்பட்டன. பக்கத்தில் இருக்கும் மீனவக் குப்பம் இன்றும் ஆல்காட் பெயரையே சுமந்துகொண்டிருக்கிறது.

1898இல் அந்த ஆல்காட்டைச் சந்தித்து, எங்கள் மக்கள் தங்கள் பழைய பௌத்த மரபுக்குத் திரும்ப உதவுங்கள் என்று கேட்டவர் அயோத்திதாசப் பண்டிதர். அவரைத் தமிழறிஞராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளராகவும் நமக்குத் தெரியும். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதைப் பல மாணவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது. கல்வியைக் கேட்ட அதே தலைமுறையில், நோய் பார்க்கும் கையும் நம்மிடம் இருந்தது.

இந்தப் பழைய கதையை இப்போது ஏன் சொல்ல வேண்டும்? பெசன்ட் நகரைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தூரத்துக்குள், நரம்பு தொடர்பான நீண்டகால நோய்களைப் பார்க்கும் இடங்கள் பல இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காக 1985இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் இருக்கிறது. தரமணியில், டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958இல் தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை இருக்கிறது. வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் என்ற எண்ணத்தோடு எழுந்தது அது. இந்திய நரம்பு அறுவை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் பி.ராமமூர்த்தி, 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அந்தத் துறையைத் தொடங்கி வைத்தார். பிற்காலத்தில் தரமணி மருத்துவமனையின் நரம்பியல் மையத்துக்கும் அவர்தான் வழிகாட்டினார்.

ஆக, படிப்பும் திறமையும் இங்கே இருக்கின்றன. மருந்தும் இருக்கிறது. ஆனால் விழுப்புரத்துக்கு அப்பால், பேருந்து நிற்கும் ஊரிலிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் நடந்தால் வரும் காலனியில், மூன்று ஆண்டுகளாக வலிப்பு வந்துகொண்டிருக்கும் ஒரு பையனுக்கு இவற்றில் எது போய்ச் சேருகிறது?

பதினைந்து நிமிடமும் மீதி நாள்களும்

வலிப்பு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு, மூளை முடக்குவாதம், முதுகுத் தண்டுவடக் காயம், பக்கவாதத்துக்குப் பிந்தைய முடக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. காய்ச்சலைப் போல வந்து போகிற நோய்கள் இல்லை இவை. ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பவை. சிலவற்றை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். சிலவற்றை முழுமையாக மாற்ற முடியாது. ஆனால் உடல் மேலும் கெடாமல் காக்கலாம்.

நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது இந்தச் சிகிச்சையின் ஒரு சிறு பகுதி மட்டுமே. அவர் நோய் இன்னதென்று கண்டுபிடிப்பார், மருந்தின் அளவை முடிவு செய்வார், சில மாதங்கள் கழித்து வரச் சொல்வார். அதற்குக் கூடிப்போனால் பதினைந்து நிமிடம். மீதி நாள்களில் மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போக வேண்டும். கை கால் இறுகிப் போகாமல் இயன்முறைப் பயிற்சி நடக்க வேண்டும். தண்டுவடத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப்புண் வந்து, அந்தப் புண்ணே உயிரைக் குடித்துவிடும். விழுங்கத் திணறும் பார்க்கின்சன் நோயாளிக்கு உட்கார வைத்து, அவசரப்படாமல் ஊட்ட வேண்டும். இவை எல்லாமே சிகிச்சைதான்.

இந்த மீதி நாள்களில்தான் வசதியுள்ள குடும்பத்துக்கும் கூலிக் குடும்பத்துக்கும் வழி பிரிகிறது. மாவட்டத் தலைநகரிலோ சென்னையிலோ மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் நோயாளியோடு இன்னொருவர் வர வேண்டும். இரண்டு பேரின் கூலி போகும். விடியற்காலையில் கிளம்பி, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஸ்கேனுக்கு வேறு தேதி வாங்கிக்கொண்டு திரும்பினால் இரவாகிவிடும். நடக்க முடியாதவரென்றால் ஆட்டோவோ காரோ வைக்க வேண்டும். முதல் தடவை கடன் வாங்கியாவது போய்விடுகிறார்கள். மூன்றாவது தடவைக்குக் கடன் கொடுக்க ஆள் இருப்பதில்லை. மாத்திரை தீர்ந்த பிறகு, இப்போதுதான் ஒன்றும் வரவில்லையே என்று நிறுத்தப்படுகிறது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. நிற்காமல் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிரே போகலாம்.

நோயைவிடப் பெரிய பழி

வலிப்பைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 80 சதவீதத்துக்கு நெருக்கமானவர்கள் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்கிறார்கள். சரியாகக் கண்டுபிடித்துச் சரியாக மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்பதும் அந்த நிறுவனத்தின் கணக்குதான். அந்த மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவு 5 அமெரிக்க டாலர் அளவில்கூட முடியலாம் என்கிறது அது.

இவ்வளவு எளிதில் அடங்கக்கூடிய நோய், நம் ஊர்களில் இன்னும் பேயாகவும் சாமியாகவும் முன்வினையாகவும் பார்க்கப்படுகிறது. வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். கோடாங்கியிடம் கூட்டிப் போகிறார்கள். பெண்ணாக இருந்தால் விஷயத்தை மறைத்துக் கல்யாணம் செய்து வைத்து, மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார்கள். வலிப்பு இருப்பதைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க முடியும் என்றிருந்த பிரிவு இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் 1999ஆம் ஆண்டே நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் செய்தி இன்னும் பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

தலித் மக்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பழி சுமத்தப்படுகிறது. பன்றிக்கறி தின்கிறவர்கள், அதனால்தான் மூளையில் பூச்சி வந்து வலிப்பு வருகிறது என்பது அந்தப் பழி. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்த்துவிடுவோம்.

பன்றி நாடாப்புழு என்ற புழுவால் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வருவது உண்மைதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. தொடர்ந்து வலிப்பு வந்துகொண்டிருந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் புழுவே காரணமாக இருந்தது. ஆனால் அது மூளைக்குப் போகும் வழி மக்கள் நினைப்பதைப் போல இல்லை.

புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகாமல் தின்றால், தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருக்குப் பெரும்பாலும் பெரிய தொல்லை எதுவும் இருக்காது. அவருடைய மலத்தில் அந்தப் புழுவின் முட்டைகள் வெளியே வரும். திறந்தவெளியில் போன மலத்திலிருந்து அந்த முட்டை தண்ணீரிலும் கீரையிலும் காய்கறியிலும் கழுவாத கையிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த முட்டையை விழுங்கியவருக்குத்தான் அது ரத்தத்தின் வழியாக மூளைக்குப் போய்க் கட்டியாகிறது. அதனால்தான் வாழ்நாளில் கறியே தொடாத சைவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நன்றாக வேகவைத்த கறியால் இந்தப் புழு பரவாது. கழிப்பறை இல்லாத, சுத்தமான தண்ணீர் வராத தெருதான் இதைப் பரப்புகிறது.

எந்தத் தெருவுக்குக் கடைசியாகத் தண்ணீர்க் குழாய் வந்தது, எந்தத் தெருவில் கழிப்பறைகள் பெயருக்குக் கட்டப்பட்டுப் பூட்டிக் கிடக்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மலத்தைக் கையால் அள்ளும் வேலையை யார் தலையில் சாதி கட்டியது என்பதும் ஊரறிந்தது. அந்த வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் விஷவாயு தாக்கி ஆட்கள் சாகிறார்கள். சாகாமல் பிழைத்தவர்களிலும் மூச்சு நின்ற அந்தச் சில நிமிடங்களால் மூளை பாதிக்கப்பட்டு, மறதியும் தள்ளாட்டமும் வலிப்புமாக வாழ வேண்டிய நிலை சிலருக்கு வரலாம். சுகாதார வசதி தராமல் விட்டவர்களின் குற்றம், தட்டில் இருக்கும் கறியின் மேல் போடப்படுகிறது.

உழைப்பின் பக்கமும் இருக்கிறது. வயலில் பூச்சிமருந்தைக் கையுறை இல்லாமல் கலந்து தெளிப்பவர் கூலியாள். பூச்சிக்கொல்லிகளோடு நீண்ட காலம் புழங்குவது பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் முறிபவரும் பெரும்பாலும் தினக்கூலிக்குப் போனவர்தான்.

வீட்டு வாசலில் முடிந்த சிகிச்சை

ஊருக்கு ஒரு நரம்பியல் நிபுணரை நிறுத்த முடியுமா என்று கேட்பார்கள். தேவையில்லை என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள எளந்தூர், நம் எல்லையை ஒட்டிய கிராமப்புறப் பகுதி. டாக்டர் கே.எஸ்.மணியும் அவருடைய குழுவினரும் அங்கே வீடு வீடாகப் போய் வலிப்பு நோயாளிகளைக் கண்டுபிடித்தார்கள். பினோபார்பிட்டால், பெனிடாயின் என்ற விலை குறைந்த இரண்டு பழைய மருந்துகளை மட்டும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்தார்கள். கணிசமானவர்களுக்கு வலிப்பு அடங்கியது. இந்த ஆய்வு 2001இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியாகி உலகம் முழுவதும் பேசப்பட்டது. நிபுணர் வழிகாட்ட, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் தொடர்ந்து கவனித்தால் போதும் என்பதை அது காட்டியது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இன்னொரு சான்று இருக்கிறது. எஸ்.ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் முறிந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன அவர், சொந்த ஊருக்குத் திரும்பி 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ்.சங்கரராமன் பிறகு அவரோடு சேர்ந்துகொண்டார். இன்று சுற்றுவட்டாரக் கிராமங்களில் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து, வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் அமைப்பாக அது வளர்ந்திருக்கிறது. நோயோடு வாழ்பவர்களே தலைமை தாங்கினால் சிகிச்சை எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

தமிழக அரசிடமும் இதற்கான பாதை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இயன்முறைப் பயிற்சியும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. அந்த ஊழியர் கொண்டுவரும் பையில் வலிப்பு மாத்திரைக்கும் பார்க்கின்சன் மாத்திரைக்கும் நிரந்தர இடம் வேண்டும். அந்த ஊழியர் ஊர்த் தெருவோடு திரும்பிவிடாமல் காலனியின் கடைசி வீடுவரை வருகிறாரா என்பதைக் கிராமசபையில் கேட்க வேண்டும்.

கையில் இருக்கும் உரிமைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பழைய சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தன. பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு, தசைச்சிதைவு, மூளை முடக்குவாதம் ஆகியவை புதிய பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் சலுகைகளுக்குத் தகுதி வருகிறது. அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகை தருவதைப் பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது.

தமிழக அரசு தரும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். கடும் உடல் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு ஆகியவற்றோடு தண்டுவடக் காயம், பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இந்தத் திட்டம் உண்டு. கை கால் ஊனம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பணம் வரும் என்று நினைத்துப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் அரசு மருத்துவமனையில் நோயின் பெயர் தெளிவாக எழுதிய சீட்டை வாங்குங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். அதோடு ஆதார் அட்டை, குடும்ப அட்டை, புகைப்படம் எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். மருத்துவக் குழு எந்தக் கிழமை உட்காருகிறது என்று கேட்டு, அந்த நாளில் நோயாளியைக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை இணையத்திலும் பதியலாம். ஊரில் கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவர் நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தன் தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் பதிந்து கொடுத்துவிடலாம். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த ஒப்புகையோடு நில்லுங்கள்.

இன்னொரு சட்டத்தையும் மாணவர்கள் மனதில் வைக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாதியைக் காரணமாக வைத்து ஒருவரை மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ வரவிடாமல் தடுப்பது அதன்படி குற்றம். சூனியக்காரர் என்று பழி சுமத்தி ஒருவரைத் துன்புறுத்துவதும் குற்றம். வலிப்பு வருகிற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது, அதை அவள் அத்தைதான் ஏவினாள் என்று ஆரம்பிக்கிற ஊர்ப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதைத் தெரிந்துதான் சட்டத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது.

வலிப்பு வந்தால்

யாருக்காவது கண் முன்னே வலிப்பு வந்தால் பதற வேண்டாம். சுற்றியிருக்கும் கல், அடுப்பு, கூரான பொருள்களை விலக்குங்கள். தலைக்குக் கீழே மடித்த துணியை வையுங்கள். கழுத்தை இறுக்கும் பொத்தானைத் தளர்த்துங்கள். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; எச்சில் வெளியே வழிந்து மூச்சு தடைபடாமல் இருக்கும். கையையோ காலையோ அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். சாவியோ இரும்போ வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ 108க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பக்கக் கை முதலில் இழுத்தது என்று கவனித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பெரிய உதவி. கைப்பேசியில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது; அதை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள், பிறருக்கு அனுப்பாதீர்கள்.

வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். சோடியம் வால்புரோவேட் என்ற மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். யார் சொன்னாலும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

மணலில் போட்ட பாதை

2022 நவம்பரில் சென்னை மெரினா கடற்கரையில் சக்கர நாற்காலி போவதற்கென்று மரத்தால் ஒரு பாதை திறந்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாகக் கடல் தண்ணீரைக் கிட்டத்தில் பார்த்தோம் என்று அன்று பலர் கண்கலங்கினார்கள். அடுத்த சில நாள்களிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது, மறுபடியும் சரிசெய்யப்பட்டது. பிறகு பெசன்ட் நகர் கடற்கரைக்கும் அப்படியொரு பாதை வந்தது. மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டதன் பலன் அது.

அதே பெசன்ட் நகரில்தான் 1894இல், பள்ளிக்குள் வரக் கூடாது என்று நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியே எழுந்தது. மக்கள் வர முடியாத இடத்துக்குப் பாதை போட வேண்டும், முடியாவிட்டால் அந்த இடத்தையே அவர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்ற பாடம் இரண்டிலும் இருக்கிறது. நரம்பு நோயோடு வாழும் நம் மக்களுக்கு இப்போது வேண்டியதும் அதுதான். மாதாமாதம் தவறாமல் வரும் மாத்திரை, வாரம் ஒருமுறை வாசலுக்கு வரும் இயன்முறை மருத்துவர், ஆம்புலன்ஸ் கடைசி வீடுவரை வருகிற அளவுக்கு அகலமான தெரு, சுத்தமான தண்ணீர், பூட்டாத கழிப்பறை.

உங்கள் தெருவில் வலிப்போ நடுக்கமோ முடக்கமோ உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் அடையாள அட்டை உள்ளவர்கள் எத்தனை பேர், மாத்திரை தொடர்ந்து சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த கிராமசபைக்கு அந்தத் தாளோடு போங்கள்.